அநுமதி வேண்டாத இடத்தில் அநுமதிப்பத்திரம்

ஒரு செயலைச் செய்வதற்கு அநுமதி வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கும் வரையில், அநுமதிப்பத்திரத்தின் பயன் யாது என்று ஒருவரும் கேட்பதில்லை. அது கையில் இருந்தால் குற்றமில்லை, இல்லாவிட்டால் குற்றம். ஆனால், அதே சட்டம் ஒரு நாள் மாறி, 'இனி இதற்கு அநுமதி வேண்டியதில்லை' என்று கூறிவிட்டால், பணங் கட்டிப் பரீட்சை எழுதிப் பெற்ற பத்திரத்தை என்ன செய்வது? பெட்டிக்குள்ளே போட்டுவிடலாமா? புதிதாக அதனைப் பெற முயல்பவர் வீண் வேலை செய்கிறவரா? ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் இன்று இந்த வினா எழுந்திருக்கிறது. அங்கே வினாவுக்குரிய பொருள் கைத்துப்பாக்கி. ஆகையால், விடையைத் தவறாக விளங்கிக்கொண்டவருக்கு நேரும் நட்டம் சிறு தொகையோடு முடிவதில்லை. அது சிறைவாசமாகலாம், சில வேளைகளில் ஓர் உயிரும் ஆகலாம்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு அந்நாட்டின் அரசியலமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1791ஆம் ஆண்டில் நிறைவேறிய இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமையைப் பற்றிக் கூறுகிறது. ஆனால், வீட்டிலே துப்பாக்கி வைத்திருப்பது ஒன்று. அதனை இடுப்பிலே செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது வேறொன்று. இரண்டாவது விடயத்தை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதை நெடுங்காலமாக ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படியே தீர்மானித்து வந்தது. ஆகவே, ஒரே நாட்டுக்குள் ஐம்பது மாநிலங்களில் ஐம்பது விதமான சட்டங்கள் உண்டாயின. இந்த வேற்றுமையை மனத்திற் கொண்டால், பின்னர் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

ஆயுதம் தாங்குவதைப் பெரிதும் போற்றும் மாநிலம் என்று பலரும் கருதும் டெக்சாஸ், ஒரு காலத்தில் அதனைக் கடுமையாகத் தடுத்த மாநிலம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். உள்நாட்டுப் போரின் பின் குழப்பம் நிலவிய நாளில், 1871ஆம் ஆண்டில், பொது இடங்களிற் கைத்துப்பாக்கி கொண்டு செல்வதை அம்மாநிலச் சட்டசபை பொதுவாகத் தடைசெய்தது. சில விலக்குகள் இருந்தனவாயினும், அத்தடை நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறு பல மாநிலங்களும் ஆயுதத்தை ஆடைக்குள் மறைத்துச் செல்வதைத் தடுத்தன. நேர்மையானவன் ஆயுதத்தை வெளியே தெரியும்படி கொண்டுசெல்வான்; மறைப்பவன் தீய எண்ணம் உடையவன் என்பது அக்காலத்தார் கருத்து.

1991ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி டெக்சாஸைச் சேர்ந்த கிலீன் என்ற நகரத்தில், உணவுச்சாலை ஒன்றினுள் ஒருவன் தன் மோட்டார் வண்டியைச் செலுத்தி மோதி, இறங்கி, அங்கிருந்தோரைச் சுட்டான். இருபத்துமூவர் மாண்டனர். அங்கே தம் பெற்றோருடன் உணவருந்திக்கொண்டிருந்த சுசானா கிராற்ரியா ஹப் என்ற பெண்மணி உயிர் தப்பினார். தாயும் தந்தையும் தப்பவில்லை. அவரிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. ஆனால், சட்டத்துக்கு அஞ்சி அதனை வெளியே தம் வண்டியில் விட்டு வந்திருந்தார். பின்னர் அவர் பல மாநிலச் சட்டசபைகளின் முன் சென்று சாட்சியம் கூறினார். தாமும் டெக்சாஸ் சட்டசபையில் உறுப்பினரானார். துப்பாக்கி கையில் இருந்திருந்தால் அன்று என்ன நடந்திருக்கும் என்று எவராலும் உறுதியாகக் கூற முடியாது. ஆயினும், அவர் கதை மக்கள் மனத்தை அசைத்தது. இவ்விடயம் பற்றி வாக்காளரின் கருத்தைக் கேட்க வகைசெய்த மசோதாவொன்றை 1993இல் ஆளுநர் ஆன் றிச்சாட்ஸ் நிராகரித்தார். அடுத்து ஆளுநராக வந்த ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், அநுமதிப்பத்திரம் பெற்றவர் கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்லலாம் என்ற சட்டத்தில் 1995இற் கையொப்பமிட்டார்.

அந்த அநுமதிப்பத்திரம் விண்ணப்பித்தவுடன் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. கைவிரல் அடையாளங்களைக் கொடுத்து, பழைய குற்றங்கள் உண்டா என்ற ஆராய்ச்சிக்கு உட்படல் வேண்டும். வகுப்பறையில் அமர்ந்து பாடங் கேட்டு, எழுத்துப் பரீட்சையில் தேறல் வேண்டும். அதன்பின் சுடுதளத்துக்குச் சென்று, 3, 7, 15 யார் தூரங்களிலிருந்து 50 ரவைகளைச் சுட்டு, நூற்றுக்கு எழுபது வீதமான புள்ளிகளையேனும் பெறல் வேண்டும். தொடக்கத்தில் 10 முதல் 15 மணி நேரம் வரை இருந்த பயிற்சி, பின்னர் 4 முதல் 6 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. 140 டொலராக இருந்த கட்டணம் 2017இல் 40 டொலராகக் குறைந்தது. கண்டிப்பு இவ்வாறு தளர்ந்ததாயினும், பாடத்திட்டத்தின் உள்ளடக்கம் கவனிக்கத்தக்கது. ஆயுதத்தைப் பற்றிய சட்டங்கள், உயிர்போக்கும் பலத்தை எப்போது பிரயோகிக்கலாம் என்ற விதிகள், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி துப்பாக்கியைப் பாதுகாக்கும் முறை ஆகியவற்றோடு, சச்சரவுகளைப் பலாத்காரமின்றித் தீர்த்துக்கொள்ளும் வழியும் அதில் ஒரு பாடமாகும். துப்பாக்கியைத் தரும் பத்திரத்துக்கு, துப்பாக்கியை எடுக்காதிருக்கக் கற்பிக்கும் பாடம் ஒரு நிபந்தனை என்பதை நேயர்கள் மறவாதிருத்தல் நலம்.

இனி, அநுமதியே வேண்டாம் என்ற கொள்கையின் வரலாற்றுக்கு வருவோம். இதன் பிறப்பிடம் வடகிழக்கிலுள்ள சிறிய மாநிலமாகிய வேர்மொன்ட். 1903ஆம் ஆண்டில் ரட்லன்ட் நகரசபை, அநுமதியின்றி ஆயுதம் மறைத்துச் செல்லலாகாது என விதித்த ஒழுங்கை அம்மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின் 2003இல் அலாஸ்காவும், 2010இல் அரிசோனாவும் அவ்வழியிற் சென்றன. அதன்பின் வேகம் பிறந்தது. டெக்சாஸ் 2021 செப்டெம்பர் முதலாந் திகதி முதலும், புளோரிடா 2023 யூலை முதலாந் திகதி முதலும் இக்கொள்கையை நடைமுறைப்படுத்தின. 2024இல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபோது இத்தகைய மாநிலங்களின் தொகை 29 ஆயிற்று.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடல் வேண்டும். அநுமதி வேண்டாம் என்பதால், எவரும் துப்பாக்கி கொண்டு செல்லலாம் என்பது பொருளன்று. பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் முதலியோர் ஆயுதம் வைத்திருக்கவே கூடாது என்று 1968ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டம் தடுக்கிறது. அத்தடை எங்கும் உண்டு. டெக்சாஸின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும், 21 வயது நிரம்பியவராய், துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாதவராய் உள்ளவருக்கே இச்சலுகையை வழங்கியது. மாறியது யாதெனில், ஆராயும் காலம். முன்பு ஒருவர் ஆயுதத்தோடு வீதிக்கு வருவதற்கு முன்னரே அவர் தகுதியுடையவரா என்று பார்த்தார்கள். இன்று அவர் ஏதேனும் சிக்கலில் அகப்பட்ட பின்னர்தான் பார்க்கிறார்கள்.

எனினும், இம்மாநிலங்களுள் வேர்மொன்ட் ஒழிந்த ஏனையவை அநுமதிப்பத்திரம் வழங்குவதை நிறுத்திவிடவில்லை. டெக்சாஸில் இன்றும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனை உடையவராய் இருக்கின்றனர். கட்டாயமில்லாத ஒன்றை மக்கள் பணங்கொடுத்துப் பெறுவதற்குத் தக்க காரணங்கள் இருத்தல் வேண்டுமன்றோ? அவற்றை ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

முதலாவது காரணம் பாடசாலைகளைச் சூழ்ந்த ஆயிரம் அடி நிலம். 1990ஆம் ஆண்டிற் காங்கிரஸ் சபை, பாடசாலை வளவிலும் அதன் எல்லையிலிருந்து ஆயிரம் அடிக்குள்ளும், அதாவது ஏறத்தாழ 300 மீற்றருக்குள், துப்பாக்கி வைத்திருப்பது சமஷ்டிக் குற்றம் எனச் சட்டம் இயற்றியது. இங்கும் டெக்சாஸ் வருகிறது. 1992இல் சான் அந்தோனியோ நகரப் பாடசாலையொன்றிற் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கைத்துப்பாக்கியுடன் அகப்பட்டார். அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இதற்கு இடந்தராது என்று 1995இல் ஐந்து நீதியரசர்கள் ஒரு புறமும் நால்வர் மறு புறமுமாக நின்று, சட்டம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டே காங்கிரஸ் அதனைத் திருத்தி மீண்டும் இயற்றியது. அதனை மீறுவோருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

இச்சட்டம் சில விலக்குகளைத் தருகிறது. தனியார் நிலத்தில் இருப்பவருக்கும், ரவை நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிற் கொண்டு செல்பவருக்கும் தடையில்லை. பாடசாலை அமைந்துள்ள அதே மாநிலம் வழங்கிய அநுமதிப்பத்திரம் உடையவருக்கும் விலக்கு உண்டு. அவரது தகுதியை அதிகாரிகள் முன்னரே சோதித்திருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. மாநிலச் சட்டம் அநுமதி வேண்டாம் என்று சொல்வதனால் மட்டும் ஒருவர் 'அநுமதிப்பத்திரம் பெற்றவர்' ஆகிவிடுவதில்லை. ஒரு நகரத்தின் படத்தை எடுத்து, ஒவ்வொரு பாடசாலையையும் சுற்றி ஆயிரம் அடி வட்டம் வரைந்து பாருங்கள். அவ்வட்டங்களைத் தொடாத பெருந்தெருக்கள் மிகச் சிலவே எஞ்சும். ஆகவே, மாநிலச் சட்டப்படி ஒரு குற்றமும் செய்யாத மனிதர், ரவை நிரப்பிய துப்பாக்கியுடன் கடைக்குப் போய்வரும் வழியிற் பல தடவை சமஷ்டிச் சட்டத்தை மீறியவராகலாம். இக்குற்றம் ஒன்றுக்காக மாத்திரம் வழக்குத் தொடர்வது அரிதுதான். ஆயினும், எவரும் தொடரமாட்டார் என்ற நம்பிக்கையில் ஐந்து ஆண்டுச் சிறையைப் பணயம் வைப்பது விவேகமாகாது.

இரண்டாவது காரணம் மாநில எல்லை. சாரதி அநுமதிப்பத்திரத்தை எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொள்கின்றன. துப்பாக்கிக்கான பத்திரமோ அத்தகையதன்று. எந்த மாநிலத்தின் பத்திரத்தை ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே தெரிந்துகொள்கிறது. டெக்சாஸின் பத்திரத்தை முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏற்கின்றன. அம்மாநிலத்தின் மேற்கெல்லையிலுள்ள எல் பாசோ நகரவாசி ஒருவர் வண்டியிற் புறப்பட்டால், சிறிது நேரத்தில் நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்துவிடுவார். அங்கே வண்டியிலிருந்து இறங்கி, ரவை நிரப்பிய துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து நடப்பதற்கு அநுமதி வேண்டும். டெக்சாஸ் பத்திரம் உடையவரை நியூ மெக்சிகோ ஏற்றுக்கொள்ளும். பத்திரம் இல்லாதவர், வீட்டு வாசலிலே தமக்கிருந்த உரிமை எல்லையிலே நின்றுவிட்டதைக் காண்பார். அலாஸ்கா 2003இல் அநுமதித் தேவையை நீக்கியபோதும், வெளியே பயணஞ் செய்யும் தன் மக்களின் பொருட்டுப் பத்திரம் வழங்குவதைத் தொடர்ந்தது. வேர்மொன்ட் மக்களோ தம் மாநிலத்திலே பெறுவதற்குப் பத்திரம் இல்லாமையால், வேறு மாநிலங்கள் வெளியாருக்கு வழங்கும் பத்திரங்களை நாடவேண்டியவராய் உள்ளனர். சுதந்திரம் மிகுந்த மாநிலத்தவரே வெளியே செல்லும்போது இடர்ப்படுவது ஒரு விந்தை.

இங்கே பத்திரத்தின் வலிமைக்குள்ள எல்லையையும் கூறுதல் கடமை. நியூ யோர்க், கலிபோர்னியா, நியூ ஜேர்சி போன்றவை பிற மாநிலங்களின் பத்திரங்களை ஏற்பதில்லை. இலினோயும் தன் வீதிகளில் வண்டிக்குள் இருக்கும் அயலாருக்குச் சிறு சலுகை காட்டுவதன்றி, வேறு எவ்வகையிலும் ஏற்பதில்லை. பென்சில்வேனியாவிலே முறைப்படி அநுமதி பெற்ற ஒருவர், டெலவெயர் ஆற்றின் பாலத்தைக் கடந்து நியூ ஜேர்சிக்குள் அவ்வாறே சென்றால், அக்கரையில் அவர் பாரதூரமான குற்றம் புரிந்தவராவார். 2022 யூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம், தக்க தனிக் காரணம் காட்டியவருக்கே அநுமதி என்ற நியூ யோர்க்கின் பழைய விதியைச் செல்லாதெனத் தீர்த்தது. ஆயினும், தகுதியைச் சோதித்து அநுமதி வழங்கும் முறையை அது நீக்கவில்லை. ஒரு மாநிலம் இன்னொன்றின் பத்திரத்தை ஏற்றேயாகவேண்டும் என்றும் கூறவில்லை. இத்தகைய மாநிலங்களைக் கடந்து போவோருக்கு 1986ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டம் ஒரு வழியைத் தருகிறது. ரவை நீக்கி, கைக்கு எட்டாத இடத்தில் அல்லது பூட்டிய பெட்டியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு போகலாம் என்பதே அது.

மூன்றாவது காரணம், சொந்த மாநிலத்துக்குள்ளேயே பத்திரம் திறக்கும் கதவுகள். டெக்சாஸில் ஒரு கடைக்காரர் ஆயுதத்தோடு வருவோரைத் தடுக்க விரும்பினால், அறிவித்தற்பலகை வைக்கலாம். சட்டம் அதற்குப் பல வகைப் பலகைகளை வகுத்துள்ளது. அவற்றுள் ஒருவகை, பத்திரம் இல்லாதவரை மாத்திரம் தடுக்கும், உடையவரைக் கட்டுப்படுத்தாது. 'ஆயுதம் தாங்கியவர் எல்லாரும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; எவராலும் சோதிக்கப்படாதவர் வேண்டாம்' என்று கடைக்காரர் கூற அது இடந்தருகிறது. 2016 ஓகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து அம்மாநில அரசாங்கப் பல்கலைக்கழக வளவுகளில் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்ல அநுமதி உண்டு. அதுவும் பத்திரம் உடையவருக்கே. 2021இன் தளர்வு இதனை மாற்றவில்லை. அரிசோனாவில் மது விற்கும் உணவுச்சாலைக்குள், தடைப்பலகை இல்லாவிடின், பத்திரம் உடையவர் துப்பாக்கியுடன் நுழையலாம். ஆனால், அவர் மது அருந்தலாகாது. பத்திரம் இல்லாதவருக்கு அச்சலுகை இல்லை. டென்னசி மாநிலமோ இரண்டு தரமான பத்திரங்களை வழங்குகிறது. உயர்தரப் பத்திரம் வேண்டுவோர் எட்டு மணி நேரப் பயிற்சி பெறல் வேண்டும்.

நான்காவது காரணம் சிறியது. ஆயினும் அன்றாடப் பயனுடையது. அநுமதி பெற்ற வியாபாரியிடம் துப்பாக்கி வாங்குவோரைப் பற்றி அரசாங்கப் பதிவுகளில் உடனே விசாரித்தறியும் முறை, 1993ஆம் ஆண்டின் பிறேடிச் சட்டப்படி 1998இல் ஆரம்பமாயிற்று. டெக்சாஸ் உட்படச் சில மாநிலங்களின் பத்திரங்கள், ஏற்கெனவே ஆராய்ச்சி நடந்தமைக்கு அத்தாட்சியாக அங்கே ஏற்கப்படுகின்றன. பத்திரம் உடையவர் படிவத்தை நிரப்பல் வேண்டும். விசாரணை முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொலிசார் வீதியிலே மறிக்கும்போதும் இதே அத்தாட்சி உதவுகிறது. முன்னிற்பவர் முன்பே சோதிக்கப்பட்டவர் என்பதை உத்தியோகத்தர் ஒரு பார்வையில் அறிந்துகொள்கிறார்.

இக்காரணங்களை எல்லாம் கேட்ட பின்னரும், அநுமதி முறையை நீக்கியது சரியா, தவறா என்ற விவாதம் எஞ்சி நிற்கிறது. நீக்க வேண்டும் என்போர் கூறுவதில் நியாயமில்லாமலில்லை. கட்டணமும், வகுப்புக்குச் செலவாகும் நாளும், ஏழைத் தொழிலாளிக்குப் பெருஞ்சுமை. இரவு வேலை முடிந்து ஆபத்தான தெருவழியே வீடு திரும்பும் பெண்ணுக்கு, வசதி படைத்தவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஏன் மறுக்கப்படவேண்டும் என்கின்றனர். அரசியலமைப்புத் தந்த உரிமைக்கு விலை குறிப்பது முறையன்று என்றும், தீயவன் எக்காலத்திலும் அநுமதி கேட்டதில்லை என்றும் சொல்கின்றனர். மறுசாரார், பொலிஸ் உத்தியோகத்தர் பலரும் துப்பாக்கிப் பயிற்சி ஆசிரியர் சிலரும் உட்பட, வேறு கவலை கொள்கின்றனர். தீயவனைப் பற்றியதன்று அவர்கள் கவலை. நல்லவனாயும் அறியாதவனாயும் உள்ளவனைப் பற்றியது. ஒரு சச்சரவில் எப்போது விலகவேண்டும், எப்போது சுடுவதற்குச் சட்டம் இடந்தராது, ஆயுதத்தைக் கண்ட பொலிசாரிடம் எவ்வாறு நடக்கவேண்டும், படுக்கையறையில் வைத்த துப்பாக்கி எவ்வாறு பிள்ளையின் கைக்குப் போகிறது என்பனவற்றை ஒருபோதும் கேட்டிராதவர், இன்று சட்டப்படியே ஆயுதத்தோடு வீதியில் நிற்கலாம். டெக்சாஸ் சட்டசபையும் இதனை உணராமலில்லை. கட்டாயத்தை நீக்கிய அதே சட்டத்தில், துப்பாக்கிப் பாதுகாப்புப் பற்றிய இலவசப் பாடமொன்றை இணையத்தில் வெளியிடுமாறு பொதுப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் பணித்தது. ஆனால், அதனைப் படிப்பதும் படிக்காமல் விடுவதும் அவரவர் விருப்பம்.

இவ்விவாதத்தில் எப்பக்கம் சாய்ந்தாலும், தனி மனிதர் ஒருவர் செய்யவேண்டிய தீர்மானம் தெளிவானது என்றே கூறலாம். சட்டம் தன் பிடியைத் தளர்த்தும்போது, முன்பு சட்டம் சுமந்த பொறுப்பின் ஒரு பகுதி மறைந்துவிடுவதில்லை. அது அந்த மனிதரின் தோளுக்கு மாறுகிறது. எந்த வீதி பாடசாலைக்கு ஆயிரம் அடிக்குள் இருக்கிறது, எந்த எல்லைக்கு அப்பால் தம் உரிமை செல்லாது, எந்தப் பலகை தம்மைத் தடுக்கிறது என்பனவற்றை அறியும் கடமை முழுவதும் அவரையே சார்கிறது. பத்திரம் பெறுவதற்காக வகுப்பில் அமரும் நான்கைந்து மணி நேரமும், செலுத்தும் நாற்பது டொலரும், அக்கடமையின் ஒரு பகுதியை நிறைவேற்றும் வழி.

அநுமதிப்பத்திரம் முன்னர் ஒரு வாயிற்காவலனாக நின்றது. காவலன் நீங்கிய வாயிலில் எவரும் நுழையலாம். ஆயினும், அந்தப் பத்திரம் இன்றும் ஒரு சான்றாக நிற்கிறது. இதனை உடையவர் ஒரு முறையேனும் ஆராயப்பட்டார், ஒரு முறையேனும் கற்றார், குறி தவறாமற் சுட வல்லவர் என்று காட்டினார் என்பதற்கு அது சான்று. துப்பாக்கி தாங்கும் உரிமையைச் சட்டசபை ஒரு வாக்கெடுப்பில் வழங்கிவிடலாம். அதனைத் தாங்கும் பக்குவத்தை வழங்க எந்தச் சட்டசபைக்கும் இயலாது. அப்பக்குவத்தைத் தேடிப் பெறுவோருக்கு, அநுமதி வேண்டாத மாநிலத்திலும் அநுமதிப்பத்திரம் பயனற்ற காகிதமாவதில்லை.